ஆறு வயது கூட்டி எழுதினேன்

சேரம்பாடிப் பக்கம் போனால் இன்றும் என்னை யாரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று சொல்வதில்லை. "அக்காவோட அண்ணன் வந்திருக்காரு" என்பார்கள். அக்கா என்றால் என் தங்கை. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவனுக்கு இதில் வருத்தம் இருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான் செய்த தவறிலிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, முகாமில் சில மாதம் கிடந்து, நீலகிரி மலையேறியபோது எனக்குப் பதினைந்து வயது, அவளுக்குப் பன்னிரண்டு. அப்பா அங்கேயே இறந்துவிட்டார். அம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. எங்களுக்குக் கிடைத்த தோட்டத்தில், குடும்பத்துக்கு இரண்டு பேர் வேலை செய்தால்தான் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வீடு. இரண்டாவது ஆளுக்குப் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். பிறந்த தேதிக்கு யாரிடமும் காகிதம் இல்லாததால், எங்களோடு வந்த பலரும் பிள்ளைகளின் வயதைக் கூட்டித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் படிவத்தை நிரப்பியது நான். வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"யாரு பேரப் போடப் போற?" என்று அம்மா கேட்டாள்.

எனக்கு மீசை அரும்பியிருந்தது. பதினெட்டு என்றால் நம்பியிருப்பார்கள். நான் தங்கையின் பெயரை எழுதி, பக்கத்தில் பதினெட்டு என்று போட்டேன். அம்மாவின் சேலையைச் சுற்றி, கொண்டை போட்டு, தோட்டத்துக் கார்டுக்கு அவளைப் படம் எடுக்கக் கூட்டிப்போனதும் நான்தான். எனக்குப் படிக்க ஆசை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்தப் பதினெட்டு என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில், மத்தியானம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பால் ஊற்றுவார்கள். வளர்ந்த பிள்ளைகளும் வந்து வாங்கிக் குடிக்கலாம். பெயர் பதிந்த தொழிலாளிக்குக் கிடையாது. அதனால் பன்னிரண்டு வயதுப் பெண், தன்னைவிடப் பெரிய பையன்கள் குடிப்பதைப் பார்த்தபடி, நனைந்த கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து நிறுவைக்குப் போனாள். காலையிலும் பால் கலக்காத சாயத்தண்ணிதான், மாலையிலும் சாயத்தண்ணிதான். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வெயிலே படாது. நான் ஊட்டி காந்தலில் ஒரு விடுதியில் தங்கி, தினமும் பாலும் முட்டையும் சாப்பிட்டுப் படித்தேன்.

நான் ஆசிரியரான இரண்டாம் வருடம், அவள் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதே வருடம் முன்பே ஒரு தடவை கால் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மருத்துவமனைக்கு நான் கூட்டிப்போனேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கார்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, முப்பது வயசுன்னு போட்டிருக்குது. முப்பதுக்கே எலும்பு இவ்வளவு சன்னமா இருக்கக் கூடாதுங்களே. நெச வயசு எத்தனைங்க?"

வயது பொய் என்று தெரிந்தால் அவள் வேலை போகும். வேலையோடு வீடும் போகும். நான் கார்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இருபத்தி நாலு டாக்டரம்மா. மிச்சம் ஆறும் எங்கண்ணன் சீதனமா குடுத்தது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வளர்கிற வயதில்தான் எலும்பு சேரும், இருபதைத் தாண்டி சில வருடம் வரைக்கும் கொஞ்சம் சேரும், பிறகு இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்று விளக்கினார். பாலும் கேழ்வரகும் கருவாடும் சாப்பிடச் சொன்னார். தங்கை கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப இன்னிக்குப் பன்னெண்டு, பதிமூணுல கொழுந்து எடுக்குற புள்ளைங்களுக்கு?"

"அதுகளுக்கு இப்பவே குடுக்கோணுங்க."

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு அவள் மேனேஜர் ஐயா முன்னால் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன். அவள்தான் இழுத்து வந்தாள். எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பங்களில், வயது கூட்டி எழுதப்பட்ட சின்னப் பெண்கள் எங்கள் லயங்களில் இன்னும் இருந்தார்கள். அவர்களுக்கும் பால் வேண்டும் என்றாள்.

"கார்டுல பதினெட்டுன்னு இருக்கே, எப்படிம்மா குடுக்கறது?"

"நீங்க கார்டுக்கா பால் ஊத்துறீங்க ஐயா? எலும்புக்குத்தானே?"

"கார்டு பொய்யின்னு சொல்றியா?"

"என்னோடது பொய். மத்தவங்களது நான் சொல்ல மாட்டேன். எழுதுனவரு இந்தா நிக்கிறாரு."

 அரசு வேலை கிடைத்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறையிலேயே ஒரு தாள் வாங்கி, தங்கையின் வயதைப் பொய்யாக எழுதியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் நான் மதிப்பது அந்த நாலு வரியைத்தான்.

மேனேஜர் ஐயா படித்தார். மடித்துத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். "இத நான் பார்க்கல. பாலு நாளையிலிருந்து எல்லா பொம்பளப் புள்ளைங்களுக்கும் உண்டு. கார்டு கேக்க வேண்டாம்னு பிள்ளைக் காம்பரா ஆயாகிட்டச் சொல்றேன்."

தங்கை அதோடு விடவில்லை. வேலை முடிந்ததும் லயம் லயமாகப் போய், பாலைக் குடிக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்து அப்பன்காரனின் தேத்தண்ணியில் ஊற்றிய பெண்களைத் திட்டினாள். அப்பன்காரர்களை அதைவிட மோசமாகத் திட்டினாள். அந்தப் பெண்கள் இருபதைத் தாண்டிய காலத்தில், அதே சரிவில், அதே மழையில் விழுந்து, சேற்றை வழித்துப்போட்டு எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் ஆளாக்கியவர்களைவிட அவள் ஆளாக்கியவர்கள் அதிகம்.

ஆனால் கார்டு திருத்தப்படவே இல்லை. அதன் கணக்கில் ஐம்பத்தெட்டு ஆன அன்று, உண்மையில் ஐம்பத்திரண்டில், அவளுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். அன்று அவள் வீட்டில் உட்கார்ந்துதான் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வருடம் ஆகியிருந்தது.

"போங்கண்ணே" என்றாள். "ரெண்டு பேருல ஒருத்தர்தான் படிக்கலாம்னா, நானே உங்களத்தான் அனுப்பியிருப்பேன்."

மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."