மஞ்சள் கயிற்றோடு எடுத்த படம்

தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் படக்காரர் தூக்கிப் பிடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அது என் அண்ணியின் நெஞ்சு. சாம்பல் நிற விலா எலும்புகளுக்கு நடுவே, தோளுக்குச் சற்றுக் கீழே, தாலியும் அதில் கோத்த காசுகளும் வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தன. அவற்றுக்கு அடியில் என்ன இருந்தது என்று அந்தப் படத்தில் தெரியவில்லை.

அண்ணி என்னைவிடச் சற்றே மூத்தவள். மலாயாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் இருவரும் அடுத்தடுத்த நிரைகளில் பால் மரம் வெட்டினோம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு, தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போய்வந்த அண்ணனைப் போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த முகாமில் இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா என்று எவரும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் அண்ணிக்கு இருமல் வந்தது. பால் கோப்பைக்குக் குனிந்தால் நிமிர முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் துப்பியதில் ரத்தம் இருப்பதைப் பார்த்த தோட்டத்து மருந்தக டிரஸர், டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுக்க ஏற்பாடு செய்தார்.

படக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். "கழுத்தில கிடக்கிறதெல்லாம் கழட்டி வச்சிட்டு வாரும், பிள்ளை" என்றார். திரைக்குப் பின்னால் அண்ணி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டுன நேரத்துல அங்க அவருக்கு எதாச்சும் ஆயிட்டா? சொல்லு புள்ள."

எங்கள் லயத்தில் ஒரு பெண்ணின் தாலி எப்போது இறங்கும் என்பது எனக்கும் தெரியும். கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். தாலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மேலே ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். "போட்டோ முன்னாடிதானே புடிக்கிறாங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"கலியாணப் படம் எடுக்கவோ வந்தனீர்? இது முதுகையும் துளைச்சுக்கொண்டு போற கதிர்!" என்று கழுவிய படத்தைப் பார்த்துச் சத்தம் போட்ட படக்காரர், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "கழட்டும். இன்னொருக்கா எடுப்பம்." அண்ணி மாட்டேன் என்று தலையசைத்தாள். வெளியே தோட்டத்து லோரி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஊரடங்குக்கு முன் வேலிக்குள் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் அசையவில்லை. "அவரு வரட்டும், சேந்து போறோம்" என்பாள். நடக்கவே முடியாமல் ஆனபோதுதான் அம்மா அவள் அருகில் உட்கார்ந்தார். "மஞ்சத் துண்ட மஞ்சக் கயித்துல முடிஞ்சி கட்டிக்கடி. பொன்ன நான் மடியில வச்சிக்கிறேன். கழுத்து வெறுமையா இல்லாட்டி எம்மவனுக்கு ஒண்ணும் ஆவாது." அண்ணி சம்மதித்தாள். இத்தனை எளிய வழி அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்த படத்தில் மஞ்சள் கயிறு விழவே இல்லை. நெஞ்சின் இரு பக்கமும் மேகம் கவிந்தாற்போல் வெளுத்திருந்தது. இந்த முறை படக்காரர் கோபிக்கவில்லை. முதலிலேயே கழற்றியிருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணியிடம், "சாப்பிட்டனீரோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியிலேயே அவள் போய்விட்டாள். பொன் தாலியை அம்மா மறுபடி கட்டிவிட்டிருந்தார். லயத்துப் பெண்கள் அவள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, "மகராசி, சுமங்கலியாப் போயிட்டா" என்றார்கள். அம்மா மட்டும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணனை விடுவித்தார்கள். போனபோது இருந்ததைவிடச் சற்றுச் சதை போட்டிருந்தார். நடந்ததையெல்லாம் அம்மா சொல்லி முடிக்கும்வரை வாசற்படியில் நின்றுகொண்டே கேட்டார். பிறகு, "கழட்டியிருக்கலாமேம்மா. நான் அங்க நல்லாத்தானே இருந்தேன்" என்றார்.

இப்போது தலை நரைத்து, என் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டால், "இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார்.