சம்பந்திக்காக உழுத நிலம்

என் அண்ணி ரௌஷானைக் கோபக்காரி என்று எங்கள் கொஸ்தனாய்ப் புல்வெளிப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். என் அண்ணன் சேயித்காலியோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

சாலையோர நிலத்தை மூன்று வருஷமாக அவள் உழவிடவில்லை. அறுவடையில் அரிதாளை முழங்கால் உயரம் விட்டுவிடுவாள். காற்று அள்ளிக்கொண்டு போகிற பனியை அந்தத் தாள் பிடித்து வைக்கும். வசந்தத்தில் உருகி மண்ணுக்குள் இறங்கும். அந்த ஈரத்தை நம்பி, கிளறாத மண்ணிலேயே கோதுமை விதைப்பாள். ஜூன் மழையை நம்பியா பிழைக்க முடியும்? ஆனால் முதல் இரண்டு வருஷம் களைதான் மண்டியது.

"என்னப்பா சேயித்காலி, உன் நிலம் சவரம் பண்ணாத மூஞ்சி மாதிரி கிடக்கு? டீசல் வாங்க வக்கில்லையா?" டிராக்டர் கொட்டகையில் தினமும் இதே கேலி. அண்ணனுக்கு மானம் போயிற்று. மூன்றாம் வருஷம் கதிர் கொஞ்சம் தேறியது. "இப்பத்தான் மண்ணு வழிக்கு வருது, அடுத்த வருஷம் பாருங்க" என்றாள் அண்ணி.

அந்த இலையுதிர்காலத்தில்தான் அவர்கள் மகன் மெய்ராமுக்குப் பெண் அமைந்தது. பனி விழுந்ததும் சம்பந்திகள் விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குச் சீர்த்துணி எடுக்க அண்ணி நகரத்துக்குப் போனாள். திரும்பிவந்து பஸ்ஸைவிட்டு இறங்கியவள் துணிமூட்டையோடு அங்கேயே நின்றுவிட்டாள். நிலம் முழுக்கக் கறுப்பாகப் புரண்டு கிடந்தது.

"யாரைக் கேட்டு உழுதீங்க?"

"சம்பந்தி வர்ற வழி இது. குப்பையா கிடந்தா நம்மளை மதிப்பாங்களா? இப்பப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"சுத்தமாம் சுத்தம்! மூணு வருஷம் ஊர் சிரிச்சதையெல்லாம் முழுங்கிட்டு இருந்தேனே, எல்லாம் போச்சே!"

அண்ணன் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்தவன் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சம்பந்தி ஒராஸ்பாயும் விவசாயிதான். பனி விழுந்ததும் விருந்துக்கு வந்த அவர் முன்னால், மூத்த விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாக, வேகவைத்த ஆட்டுத்தலையை வைத்தோம். முறைப்படி அதன் காதை அறுத்துப் பக்கத்திலிருந்த ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு, அண்ணி பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, உழாமலே கோதுமை போடுறீங்களாமே! நீங்க பெண்ணைக் கேட்டு வந்தப்ப இந்த வீடுதான்னு நான் முடிவு பண்ணினதே அதைக் கேள்விப்பட்டுத்தான். அந்த நிலத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வர்ற வழியில பார்த்தீங்களே, அதுதான்" என்றாள் அண்ணி.

"அதுவா? மொட்டையால்ல கிடந்துச்சு? பனிகூட நிக்கலையே!"

"ஆமா. நீங்க வர்றீங்கன்னு சவரம் பண்ணிட்டாரு."

அடுத்த ஜூனில் மழை வரவில்லை. சாலையோரக் கோதுமை ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகக் காய்ந்தது. வரப்பில் நின்ற அண்ணன், "இனிமே சத்தியமா உழ மாட்டேன், ரௌஷான்" என்றான்.

அண்ணி கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்ங்க" என்றாள். "எனக்கு ஐம்பத்தெட்டு ஆகுது."