தவக்காலத்து முருங்கை இலை

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலத்தின் நான்காவது கிழமை. தோட்டவெளிக் கிராமத்தில் இருந்து ஒன்பது வயது மகளோடு மன்னாருக்குக் கிளினிக் போயிருந்தேன். அவளுடைய இதயத்தில் பழுதாகிப் போன வால்வை எடுத்துவிட்டு, கொழும்பில் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அதில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் குளிசை, மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. இதுதான் எங்கள் வாழ்க்கை.

குளிசை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பெருநாளோ செத்தவீடோ, பின்னேரம் ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டுக் கலண்டரில் புள்ளடி போடுவேன். அன்று தாதி பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, இரத்தம் இருக்கவேண்டியதைவிட வேகமாக உறைகிறது என்றார். "நாள் தவறாமல் குளிசை குடுக்கிறனீங்களோ?" என்றும் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ர பிள்ளைக்கு நான் குடுக்காமல் வேற ஆர் குடுக்கிறது?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கோவிக்காதேங்கோ அம்மா. பிள்ளை இப்ப என்ன சாப்பிடுறா?"

"தவக்காலம் எல்லோ மிஸ், வீட்டில மச்சம் இல்லை. மீனுக்குப் பதிலா ரெண்டு நேரமும் முருங்கை இலை வறைதான். சத்தெண்டு பிள்ளைக்குக் கூடப் போட்டுக் குடுக்கிறன்."

சொல்லி முடிக்கும்போதே கொழும்பில் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. கீரை திடீரென்று கூடினால் அந்தக் குளிசையின் வேலை குறைந்துவிடும். ஐயோ, எப்படி மறந்தேன்!

அன்றே மகளை வார்டில் மறித்து ஊசி போட்டார்கள். ஸ்கான் முடியும் வரை எனக்குச் செபம்கூட வாயில் வரவில்லை. வால்வில் இரத்தக் கட்டி எதுவும் இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அழுதேன். மகளோ, "அப்ப இனி மீன் சாப்பிடலாமோ?" என்று கேட்டாள்.

கீரையை நிறுத்தத் தேவையில்லை, எப்போதும் ஒரே அளவாகக் கொடுத்தால் போதும் என்று தாதி விளங்கப்படுத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பிழை விடாத தாய் ஆரம்மா? கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ, அது காணும்" என்றார்.

என் கோபத்துக்குப் பயந்து அவர் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், அந்தத் தவக்காலம் முழுவதும் நானே, ஆசை ஆசையாக, என் பிள்ளைக்கு ஆபத்தை ஊட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.