அடைக்கோழிக்கு அடங்கிய தெரு

சேவல் இரண்டாவது கூவலை முடிப்பதற்குள் செருப்பு பறந்தது. குறி தப்பி வேப்பமரத்தில் பட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. சேவல் நகரவில்லை. கழுத்தை நீட்டி, விட்ட இடத்திலிருந்து கூவி முடித்தது.

சங்கிலிமுத்து இடதுகையில் பிடித்திருந்த மீட்டரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தொண்ணூத்தி மூணு" என்றார், பொதுவாக.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ஒச்சப்பனின் தலை தெரிந்தது. கையில் செருப்பு.

"மச்சான், ஒத்தச் செருப்பை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? இன்னொண்ணையும் எறிஞ்சிருங்க, சோடியாப் போட்டுக்கிறேன்."

"ஒஞ் சேவலைப் பிடிச்சுக் கட்டு மாப்ள. உள்ள கோழி அடை கெடக்கு."

"சேவல்னா கூவத்தான் செய்யும். விடிஞ்சிருச்சுன்னு சொல்லுது."

"எங்கிட்ட கடிகாரம் இருக்கு."

"அப்ப அந்தக் கடிகாரத்தையே உங்க பெட்டைகளோட விட்டுப் பாருங்க, பொரிக்குதான்னு."

தலை மறைந்தது. செருப்பு திரும்பி வரவில்லை.

வெம்பக்கோட்டைச் சாலையில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சங்கிலிமுத்துவுக்கு வெடித்துப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு லோடும் கிளம்புமுன் அதிலிருந்து நாலைந்து வெடிகளை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்துவார். வெடித்தால் தலையை ஆட்டுவார், லாரி கிளம்பும். இப்படியே பல வருடம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் இன்ன அளவுக்கு மேல் பட்டாசு சத்தம் போடக்கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனி சத்தத்தை அளக்க ஒரு மீட்டர் வாங்கியது. மீட்டர் பிடிக்க ஆள் வேண்டுமென்று அவரை விருதுநகரில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதியம் பிரியாணி போட்டார்கள். சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிறகு உலகத்தில் எது கெட்டாலும் அவருக்குக் காரணம் ஒன்றுதான், சத்தம். பால் திரிந்தால் மிக்ஸி. எதிர்வீட்டுக் கருப்பணன் மகன் பரீட்சையில் தவறினால் ரைஸ்மில். தனக்கே இடதுகாது சரியாகக் கேட்பதில்லை என்பதற்கு மட்டும் வயசு.

அவர் மனைவி கருப்பம்மாள் கொல்லையில் இரண்டு பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்த்துவந்தாள். போன கோடையில் அடைக்கு வைத்த ஒரு ஈடு முட்டையும் பொரிக்கவில்லை. அந்த வாரம் மழையில்லாமல் இடி மட்டும் இடித்துத் தீர்த்திருந்தது. இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகிவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. அதற்காகத்தான் அடைக்கூடையில் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டு வைப்பார்கள். கருப்பம்மாள் போட மறந்திருந்தாள். சங்கிலிமுத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேகத்தில் எங்கோ இடிப்பதற்கே முட்டை கெடுமென்றால், பூமியில் நடப்பதற்கு என்ன ஆகும்?

அடுத்த ஈடு நல்லபடியாகப் பொரிக்க வேண்டுமென்று கருப்பசாமிக்குச் சேவலை நேர்ந்துகொண்டார். நேர்ந்துகொண்டவர்கள் காரியம் முடிந்தபின் அறுப்பதுதான் வழக்கம். ஆனால் பட்டாசுத் தொழிலில் அட்வான்ஸ் கொடுக்காமல் ஆளும் வருவதில்லை, ஆர்டரும் வருவதில்லை. சாமிக்கு மட்டும் வேலை முடிந்தபின் கூலி என்பது அவருக்கு நியாயமாகப் படவில்லை. பெட்டைகள் முட்டையிடத் தொடங்குவதற்கு வெகுமுன்பே சேவலைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டுபோய் அட்வான்ஸாக அறுத்துவிட்டு, குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த ஈடும் பொரிக்கவில்லை. சீனிச்சாமியின் டீக்கடையில், வெடிக்காரன் வீட்டில் முட்டை பொரிக்காது என்று பேச்சாகிவிட்டது. முட்டைக்குள்ளே குஞ்சு இருந்தாலும் அவரைப் பார்த்ததும் செத்துவிடும் என்று யாரோ சொல்ல, டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். சங்கிலிமுத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, கொல்லையின் நாலு பக்கமும் சாக்குகளைத் தொங்கவிட்டார். மதில்மேல் தென்னங்கிடுகு வைத்து உயர்த்தினார். கோழிகள் திரிகிற மூலைக்கு மேலே நைலான் வலை போட்டார். பருந்துக்கு என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், ஒச்சப்பனின் சேவல் உள்ளே குதித்துக் கூவிவிடக்கூடாது என்பதுதான் காரணம். அதற்குப் பிறகு சேர்ந்த முட்டைகளைத்தான் கருப்பம்மாள் இப்போது அடை வைத்திருந்தாள்.

"சத்தமும் இல்ல, சாக்கும் இல்ல. சேவல் இல்ல, அதுதான் கேடு" என்றாள் அவள், வைத்த அன்றைக்கே.

"நீ பயிற்சிக்கு வந்தியா?"

"இதுக்கு எதுக்குப் பயிற்சி? ஆலங்குளத்துல எங்க அக்கா சுப்புலட்சுமி வீட்டுல, சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைக்கும்போது அடுக்குப்பானை ஆடுது. அங்கன ஈட்டுக்கு ஈடு குஞ்சு."

"அது கல்லுக்கு வைக்கிற வெடி. அது வேற."

"வேறயாவே இருக்கட்டும். இந்த ஈடும் பொரிக்கலைன்னா ரெண்டையும் அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன். எனக்கு வெறும் கோழிக்குத் தீனி போட்டு மாளல. அப்புறம் கொல்லையில நீங்களும் மீட்டரும் குடும்பம் நடத்துங்க."

சங்கிலிமுத்து அடைக்கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அடை கிடக்கிற கறுப்புப் பெட்டை, அவர் வேலை விட்டு வந்து கையிலிருக்கும் பட்டாசு வெள்ளிப்பொடியைக் கொல்லைக் குழாயடியில் கழுவுகிறபோது பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கழுவி முடிகிறவரை இறங்காது. அந்த வீட்டில் அவருடைய பேச்சை மறுக்காத ஜீவன் அது ஒன்றுதான்.

எனவே தெரு அடங்கவேண்டியதாயிற்று. அந்தத் தெருவில் கல்யாணம், சடங்கு எது வந்தாலும் கம்பெனியில் சொல்லி வெடி வாங்கிக் கொடுப்பவர் அவர்தான் என்பதால் யாரும் முகத்தை முறிக்கவில்லை. சடங்கு வீட்டில் குழாய் ரேடியோவைக் கண்மாய்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஐஸ்காரன் மணியைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தான். பிள்ளைகளுக்கு அவன் வந்ததே தெரியவில்லை. கருப்பம்மாள் பாத்திரம் துலக்கத் தெருக்குழாய்க்குப் போகவேண்டி வந்தது.

இந்த நேரம் பார்த்துக் கடைசி வீட்டு இருளாண்டி செத்துப்போனார். பேரன் பேத்தி எடுத்த சாவு. மேளம், வேட்டு எல்லாம் சொல்லியாகிவிட்டது. சங்கிலிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், மாலையைப் போட்டுவிட்டு, மூத்த மகன் முனியராஜைத் தனியே அழைத்தார்.

"ஊருக்கெல்லாம் வெடி போடுத ஆளு. எங்க அய்யாவுக்கு மட்டும் வேண்டாம்ங்கீகளா?"

"வேண்டாங்கலப்பா. பாலத்தைத் தாண்டிப் போடுங்க. சரம் நான் தாரேன், எம்புட்டு வேணும்னாலும்."

"ஒரு கோழிக்காகவா?"

"கோழிக்காக இல்ல. முட்டைக்காக."

முனியராஜ் சரத்தின் நீளத்தைக் கேட்டான். சொன்னதும் ஒத்துக்கொண்டான்.

இருளாண்டி பாடைத் தேரில் வந்தார். சங்கிலிமுத்துவின் வீடு நெருங்கியதும் மேளக்காரர்கள் குச்சிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மாரடித்து வந்த பெண்கள் கையை இறக்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். யாருக்கோ தும்மல் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து மூக்கைப் பிடித்தார்கள். சங்கிலிமுத்து வாசலில் ஒருகையால் கும்பிட்டு, மறுகையால் மீட்டரைப் பிடித்து நின்றார்.

"நாப்பத்தி ஒண்ணு" என்றார் கிசுகிசுப்பாக. "இம்புட்டு அமைதியாப் போன பொணம் இந்த ஊர்லயே கெடையாது."

"பொணம் எப்பவும் அமைதியாத்தான் மச்சான் போகும்" என்றார் ஒச்சப்பன். "நாமதான் இன்னைக்குச் செத்தமாதிரி போறோம்."

பொரிக்கவேண்டிய நாள் வந்தது. கறுப்புப் பெட்டை எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் கூடைக்குள் ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. சங்கிலிமுத்து மீட்டரைக் கூடையருகே வைத்துப் பார்த்தார். அது தெருவில் தூரத்தில் போகும் சைக்கிளின் சத்தத்தைத்தான் காட்டியது.

கருப்பம்மாள் அகலமான சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தண்ணீரில் தானாக அசையும். கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு முட்டைகளை எடுத்து மிதக்கவிட்டாள். எதிர்ப்பு தெரிவித்த பெட்டை அவள் கையைக் கொத்திவிட்டு, பிறகு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கிலிமுத்து குனிந்தார். மூச்சுக்காற்று படாமல் வாயைப் பொத்திக்கொண்டார். முட்டைகள் மிதந்தன. தண்ணீர் அடங்கியதும் அவையும் அடங்கின.

"அந்த ஓரத்துல இருக்கது அசையுது."

"நீங்க சட்டியில முழங்காலை இடிக்கீக."

முழங்காலை எடுத்தார். அதுவும் நின்றுவிட்டது.

அவள் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டி உடைத்தாள். ரத்தக்கோடு இல்லை, கண் இல்லை. நீர்த்துப்போன மஞ்சள்கருதான் மண்ணில் பரவியது. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே. மீதியை உடைக்காமல் எழுந்து கையைக் கழுவினாள்.

"முந்தாநாள் நீ செம்பைக் கீழ போட்டியே" என்றார் சங்கிலிமுத்து.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இல்லைன்னா பாலத்துக்கு அங்கிட்டுப் போட்ட சரம். காத்து இந்தப் பக்கம் அடிச்சிருக்கும். ஒரு ஈடு பாப்பம் கருப்பம்மா. இன்னொரு சேவலை நேந்துக்கிறேன்."

"எந்தச் சேவலை?" என்றாள்.

சங்கிலிமுத்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். சாக்கு, கிடுகு, வலை, இரண்டு பெட்டைகள். பயிற்சியில் சொன்னது எதுவும் நினைவுக்கு வரவில்லை. கறுப்புப் பெட்டை வெறும் கூடைக்குள் திரும்பிப் போய் இரும்புத் துண்டின்மேல் உட்கார்ந்தது.

மறுநாள் கருப்பம்மாள் இரண்டு கோழிகளையும் கூடையில் வைத்து மூடிக் கட்டி, முதல் பஸ்ஸில் ஆலங்குளம் போனாள். கண்டக்டர் கோழிகளுக்கு டிக்கெட் கேட்கவில்லை. சங்கிலிமுத்து வேலைக்குப் போனார். சீசன் ஆனதால் லோடு அதிகம். வெடித்ததெல்லாம் சட்டத்துக்குள்ளேயே வெடித்தது. திரும்பும்போது மளிகைக்கடையில் நாமக்கல் முட்டை வாங்கிவந்தார். குழாயடியில் கை கழுவினார். கருப்பம்மாள் பொழுது சாய்ந்து வந்து சேர்ந்தாள். முட்டையை உடைத்து வெங்காயம் போட்டு ஊற்றினாள். ஒருபக்கம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. இருவரும் சாப்பிட்டார்கள்.