இலை நரம்பில் தெரிந்த மருந்து

ஆய்வகத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: கருவி பதிலைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், அதை எதிரில் இருப்பவரிடம் சொல்லும் பாடு நம்முடையது. குன்னூரில் எனக்கு வாய்த்த வேலை, இலையை உறையவைத்து மெல்லிசாகச் சீவி, லேசரால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, எந்த வேதிப்பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று வண்ணப் படம் எடுப்பது.

படத்தில் பெயர்

கேத்திப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் சரோஜா அக்கா ஒரு பை இலையோடு வந்தார். பூச்சிமருந்து இருக்கிறதென்று ஃபேக்டரியில் இலையை வாங்க மறுத்துவிட்டார்களாம். தான் மருந்தே அடிப்பதில்லை, பக்கத்து கேரட் தோட்டத்து மணி அடிப்பதுதான் காற்றில் வருகிறது என்றார். மணியோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோயிருந்தது.

மேல்தோலில் மட்டும் இருந்தால் வெளியிலிருந்து விழுந்தது, நரம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் வேர் வழியாக ஏறியது, படத்தில் தெரிந்துவிடும் என்றேன்.

“ஏனுங்க, படத்துல அவரு பேரும் வருமுங்களா?”

கரண்ட் போன மதியம்

மழையில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியதில் உறையவைத்த இலையெல்லாம் உருகிவிட்டது. உருகினால் உள்ளே இருப்பவை இடம் மாறிக் கலந்துவிடும். அப்புறம் படம் எடுத்துப் பயனில்லை. அக்காவை மறுபடி இலை கொண்டுவரச் சொல்ல வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்குவதைப் பார்த்து, கூட வேலை செய்யும் தேவி சொன்னார்:

“போன தடவை இன்னொருத்தர்கிட்ட நான் திட்டு வாங்கிட்டேனுங்க. இது உங்க முறை.”

நரம்புகள்

புது இலையின் படத்தைப் பார்க்க, அக்கா கணவரையும் கூட்டி வந்தார். மேல்தோல் இருட்டாகக் கிடந்தது. நரம்புகள் மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தன. அக்கா நம்பவில்லை. மற்ற இலைகளையும் காட்டினேன், அவையும் அப்படியே.

அக்காவின் கணவர், வேர்ப்புழுவுக்காகச் செடியடியில் குருணை மருந்து போட்டது தான்தான் என்று மெதுவாகச் சொன்னார். இலையில் அடித்தால்தான் இலைக்கு வரும் என்று நினைத்தாராம். வீட்டில் சொல்லவும் தோன்றவில்லையாம்.

சண்டை வரும் என்று பயந்தேன். அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

“மணியண்ணனோட அம்மா செத்ததுக்குக்கூட நான் எட்டிப் பாக்கலீங்க.”

அவ்வளவு துல்லியமான படத்தை நான் அதற்குப் பிறகு எடுத்ததில்லை. இன்னும் கொஞ்சம் மங்கலாக வந்திருக்கக் கூடாதா என்று நினைக்கவைத்த படமும் அது ஒன்றுதான்.