பச்சை வலை அடித்த அடுப்படி

சகாயராணி அக்காவைப் போலப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் பின்பக்கக் கடைசி இடத்தில்தான் உட்காருவார். வண்டி உருண்டால் குதித்துவிடலாமாம். கம்பமெட்டு வளைவுகள் முடிகிறவரை கையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருக்கும். சேலைக்கு மேல் இறந்துபோன கணவர் வின்சென்ட் அண்ணனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இருபத்தெட்டு வருஷமாகக் கேரளத்து மலைக்குப் போய்வருகிறார். பழகிப்போயிருக்க வேண்டாமா? இல்லை.

எனக்கு ராயப்பன்பட்டியில் வெல்டிங் பட்டறை. ஈஸ்வரபாண்டி என்றால் தெரியும், கோபக்காரன் என்றும் தெரியும். பயந்தவர்களுக்கு வேலை செய்வதென்றால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஒரு கதவு மாட்ட ஒன்பது கேள்வி கேட்பார்கள். ஆனால் அக்கா பக்கத்துத் தெரு, தட்ட முடியாது.

அவருக்கு ஒரே மகள், ஷெரின். அவளுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே இறந்துபோயின. ஒன்று ஆறாம் மாதத்தில், ஒன்று எட்டாம் மாதத்தில். ‘பயந்த பொம்பள. எதையோ பாத்துப் பயந்துருக்கா, புள்ள கலங்கிருச்சு’ என்று அன்றைக்கு மாமியார் சொன்னது ஊருக்குள் அப்படியே நிலைத்துவிட்டது. டீக்கடையில் பேச்சு வரும்போது நானும் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் ஷெரின் ஏழு மாதக் கர்ப்பத்தோடு திருப்பூரிலிருந்து தாய்வீடு வந்தாள். போன வருஷம் டெங்கு வந்து அவள் பிழைத்ததே பெரிய காரியம். கொசு கடிக்கக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா வீட்டுச் சமையலறையோ ஜன்னல் இல்லாத பொந்து. இரண்டே நாளில் என் பட்டறை வாசலில் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்து நின்றார். வீட்டுக்குப் பின்னால் கட்டவேண்டிய கொட்டகையை, பத்தடிக்குப் பன்னிரண்டு, பென்சிலால் வரைந்திருந்தார்.

“தம்பி, அடுப்பு இங்கன. சிலிண்டர் சொவத்துக்கு வெளிய நிக்கணும். புள்ளைக்குக் கட்டிலு அங்கன, காத்து வர்ற பக்கம், என் கண்ணு முன்னாலயே கெடக்கட்டும். இடுப்பளவு சொவரு, அதுக்கு மேல சுத்தியும் வலை. ஒரு கொசு உள்ள வரப்படாது.”

“கதவு எத்தனை?”

“ரெண்டு. ஒண்ணத் தொறந்து வந்து, அதச் சாத்திட்டுத்தான் அடுத்ததத் தொறக்கணும். ரெண்டும் வெளிப்பக்கம் தொறக்கட்டும். தீக்கீ புடிச்சா புள்ள ஓடணும்ல.”

“அடுப்படி கேக்குறீகளா, ஜெயிலு கேக்குறீகளா?”

அவர் சிரிக்கவில்லை. “பல்லி கொழம்புல விழாம அடுப்புக்கு மேல ஒரு தகரமும் போட்ரு” என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது. சதுரக் குழாயில் சட்டங்கள் அடித்து, மேலே ஷீட் போட்டேன். வலை மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அக்கா ஒரு பெரிய பச்சைச் சுருளை இறக்கினார். தோட்டத்தில் ஏல நாற்றுக்கு நிழல் கட்டியிருந்த, நெருக்கமாகப் பின்னிய வலை. பந்தலைப் பிரித்ததும் கங்காணி சும்மாவே கொடுத்துவிட்டாராம்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. தோட்டத்தில் கழிகிற வலைதான் எங்களுக்குக் கோழிக்கூண்டு, மாடி நிழல், திருவிழாப் பந்தல் எல்லாமே. அக்காவுக்கு இருந்த பயம் வேறு.

“பாம்பு கீம்பு சுருண்டு கெடக்கப் போகுது, நீயே ஒதறு தம்பி” என்றார்.

உதறினேன். காய்ந்த இலையும் தூசியும் கொட்டின. மூக்கில் ஏதோ காரமாக ஏறியது. தோட்டத்து வாசம் என்று விட்டுவிட்டேன்.

“இது நல்லாருக்குமா? புள்ள இருக்கப் போற எடம்” என்று மறுபடியும் கேட்டார்.

“கம்பி வலைன்னா ரெண்டு மழையில துருப்புடிச்சிரும். இது பத்து வருசம் தாங்கும். பயப்படாமப் போங்கக்கா” என்றேன்.

அன்றைக்கே சட்டங்களில் இழுத்துக் கட்டி, பட்டை வைத்துத் திருகாணி முடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அக்கா ஹோஸ் பிடித்து வலையைக் கழுவியிருக்கிறார். தண்ணீர் சுவரில் வழிந்து, அடுப்பு மேடையில் சொட்டி, தரையில் ஓடி, கோழி குடிக்கிற குழியில் போய்த் தேங்கியிருக்கிறது. ஷெரினுக்கு இடம் பிடித்துப்போயிற்று. திங்கட்கிழமை காலையிலிருந்து கட்டிலை விட்டு நகரவில்லை.

அன்று மதியம் போன் வந்தது. அக்கா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

“தம்பி, கோழியெல்லாம் சாயுது. எனக்குப் பயமா இருக்கு, வாயேன்.”

கோழிக்கு நோய் வந்தால் வெல்டிங்காரன் என்ன செய்வான் என்று திட்டிக்கொண்டே போனேன். ஐந்து கோழிகள் குழியைச் சுற்றிக் கிடந்தன. ஒன்று காலை இழுத்து இழுத்து வந்து என் செருப்பருகே விழுந்தது. அலகில் நுரை. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்த அன்றைக்கு இப்படித்தான் மைனாக்கள் கிடக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

குழியிலிருந்து தரையில் காய்ந்து கிடந்த தண்ணீர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அது வலைக்கடியில் போய் நின்றது. உச்சி வெயிலில் வலை சுட்டுக்கொண்டிருந்தது. மூக்கை அருகே கொண்டுபோனேன். அதே காரம், பத்து மடங்கு. நாற்றுக்கு அடித்த மருந்து.

அக்காவும் நானும் உள்ளே ஓடினோம். கட்டிலில் ஷெரின் சுருண்டு படுத்திருந்தாள். கீழே வாந்தி. “காலையில இருந்து தலை சுத்துது மாமா. மசக்கை திரும்ப வந்துருச்சு போல” என்றாள். உதட்டோரம் எச்சில் ஒழுகியதை அவளால் துடைக்க முடியவில்லை.

வெளியே போக ஒரு கதவைத் திறந்தேன், அடுத்த கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மறந்துபோய் உள்பக்கமாக இழுத்துக்கொண்டே நின்றேன். நான் மாட்டிய கதவு! அக்காதான் மகளை அணைத்துத் தூக்கி வந்து, என்னைத் தள்ளிவிட்டு அதை உதைத்துத் திறந்தார்.

ஆட்டோவில் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பதினைந்து நிமிஷமும் நான் சாமியைத்தான் கூப்பிட்டேன். என் சாமி, அவர் மாதா, எல்லோரையும். அக்கா ஜெபமாலையை எடுக்கவே இல்லை. மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, “அசையுதா ஆத்தா? இப்ப அசையுதா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். ஷெரின் பதில் சொல்லாதபோதெல்லாம் என் உயிர் போய்வந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள், ஊசி போட்டார்கள். திரைக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே ஒரு மெஷினை வயிற்றில் வைத்துத் தேடினார்கள். வெறும் இரைச்சல்தான் கேட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அப்புறம் படபடவென்று ஒரு சத்தம் வந்தது, நிற்காமல், வேகமாக.

டாக்டரம்மா வெளியே வந்தார். “குழந்தை துடிப்பு நல்லா இருக்கு. ஆனா மூணு நாள் இங்கயே இருக்கட்டும், விடாமப் பாக்கணும். பூச்சிமருந்துதான், சந்தேகமே இல்ல. வீட்ல யாரு தோட்ட வேலைக்குப் போறது?”

“நான்தாம்மா.”

“அந்தத் துணியத் தனியாத் தொவைங்க. புள்ளத்தாச்சி பக்கத்துலயே கொண்டுபோகாதீங்க. வயித்துக் குழந்தைக்கு அந்த மருந்து ஆகவே ஆகாது.”

“சட்டையுமா?”

“மொதல்ல அதுதாம்மா.”

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே அந்தச் சட்டையின் கை இருக்கிற மாதிரி.

“தம்பி” என்றார். “மொத ரெண்டு புள்ளைக்கும் நான் வேலைய நிறுத்தல. மருந்தடிக்கிற ஆளுக்கு டிரம்முல மருந்து கலக்கிக் குடுப்பேன். வெறுங்கையி. ஷெரின் வயித்துல இருக்கயிலதான், ரெண்டாம் மாசமே உங்க அண்ணன் தோட்டத்துக்குப் போகாதேன்னுட்டாக.”

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

“ஊரே சொல்லுச்சு, நான் பயந்து பயந்து புள்ளைய முழுங்கிட்டேன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். இனி பயப்படவே கூடாதுன்னு நெனச்சு நெனச்சே பயந்தேன்.” முகத்தை என் பக்கம் திருப்பினார். “அப்ப அதுக ரெண்டும் என் பயத்துல போகலையா தம்பி?”

பயப்படாமப் போங்கக்கா என்று சொன்ன வாய்தான் என்னுடையது. புள்ள கலங்கிருச்சு என்று டீக்கடையில் சொன்னதும் அதே வாய்தான்.