மேலே தொங்குவது

சோதித்துப் பார்க்க மைக்கைக் கையில் எடுத்ததும் மைக்செட்காரன் ரிஸ்பெக் "ஒன்று, இரண்டு" என்று எண்ணமாட்டான். "ஜிபார்... ஜிபாரக்கா..." என்று அக்காவின் பெயரைத்தான் சொல்வான். ஜ-வில் மைக்கின் கூச்சல் தெரிந்துவிடும், ப-வில் மூச்சுக்காற்றின் அடி தெரிந்துவிடும், இதைவிட நல்ல பெயர் கிடையாது என்பது அவன் கட்சி. பாலிக்சி ஊரின் ஏரிக்கரையில் எந்த விருந்தானாலும் முதலில் ஒலிப்பது அவள் பெயர்தான். சந்தையில் ரொட்டி விற்கும் ஜிபாருக்கு முகம் சிவந்துபோகும். ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை.

ரிஸ்பெக் நாற்பதைத் தாண்டியவன். மனைவி மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் அவன் ஒருவன் பொறுப்பு. யாராவது உதவிக்கு வந்து வயரைச் சுருட்டிக் கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கி, அவர்கள் போனதும் அவிழ்த்து மறுபடி சுருட்டுவான். விருந்தில் ஆடு அறுத்தால் பெரியவருக்கு இந்த எலும்பு, மருமகனுக்கு அந்த எலும்பு என்று முறை உண்டு. மைக்செட்காரனுக்கு எந்த எலும்பு என்று யாரும் வகுத்து வைக்கவில்லை. ஜிபார் துணியில் கட்டிக் கொண்டுவருவதைப் பெட்டிமேல் உட்கார்ந்து தனியாகத் தின்பான்.

காற்றுப் பைத்தியம் என்று ஊரில் அவனுக்குப் பெயர். பூம் கணவாயிலிருந்து உலான் காற்று கிளம்பினால் கூரைத் தகடு பறக்கும் ஊர் அது, பயப்படாதவர் யார்? மற்றவர்கள் காற்று வந்தபின் பயப்படுவார்கள், இவன் வருமுன்பே. "மேல தொங்குறது எதுவும் நமக்குச் சொந்தக்காரன் இல்லக்கா" என்பான்.

போன செப்டம்பரில் கெரிம்பெக் தன் தகப்பனாரின் அறுபது வயது நிறைவு விருந்தை ஏரிக்கரைப் புல்வெளியில் வைத்தான். தலைநகரிலிருந்து ஒரு பாடகி வந்திருந்தாள். மேடைக்கு இருபுறமும் இரும்புக் கோபுரம். உச்சியில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வரிசை. அன்று எல்லாம் நன்றாக நடந்தால் கெரிம்பெக்கின் விருந்து மண்டபத்தில் ரிஸ்பெக்குக்கு நிரந்தர வேலை. ஜிபார் அதைப் பாதிச் சந்தைக்குச் சொல்லியாகிவிட்டது.

பாடகி மேடையேறும் நேரம் பார்த்துக் கணவாய் வாயில் மேகம் சுருண்டு உட்கார்ந்தது. அதன் அடியில் புழுதி தெரிந்தது. ரிஸ்பெக் எழுந்துபோய்ச் சங்கிலியைப் பிடித்து ஸ்பீக்கர்களை இறக்க ஆரம்பித்தான். கெரிம்பெக் ஓடிவந்தான்.

"என்னண்ணே, இலைகூட ஆடல. நீங்கதான் ஆடுறீங்க."

"கணவாயப் பாரு."

"பாட்டு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"முடியுற வரைக்கும் அது காத்திருக்கும்னு நீ கேட்டுட்டு வந்தியா?"

கெரிம்பெக் குரலைத் தாழ்த்தினான். இறக்கினால் மண்டபத்துப் பக்கமே வரவேண்டாம் என்றான். ரிஸ்பெக்கின் கை நின்றது. பிறகு சங்கிலி மறுபடி ஓடியது.

ஸ்பீக்கர்கள் தரைக்கு வந்ததால் பாட்டு முன்வரிசைகளைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். ஜிபார் கணவாயையே பார்த்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக, உலான் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மேகம் மெல்லக் கலைந்தது. மேசைவிரிப்பின் நுனிகூட அசையவில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் "காத்து வந்துருச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான். ரிஸ்பெக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை.

வெயில் சாயும்போது வண்டிகள் கிளம்பின. கெரிம்பெக் கைகொடுக்காமலே போனான். ஜிபார் தேநீருடன் வந்தபோது தம்பி மிக்சர் பக்கத்தில் இல்லை. இடதுபுறக் கோபுரத்துக்கு முன்னால், அது சாய்ந்தால் விழக்கூடிய இடத்தில் நின்றிருந்தான். பாட்டு நடந்தபோது பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்திருந்த இடம் அது. சூரியகாந்தி விதைத்தோல் எங்கும் இறைந்து கிடந்தது.

அவன் குனிந்து, மடங்கிக் கிடந்த புல்லின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.